எந்தக் கைக்கு எந்த வேலை? இளைஞர் திறனையும் வேலைச் சந்தையின் தேவையையும் பொருத்தும் முழு வழிகாட்டி

வெல்டர் தேவை என்ற பலகை ஒரு பட்டறை வாசலில் மாதக்கணக்கில் தொங்குகிறது. அதே பகுதியில் வெல்டிங் சான்றிதழோடு இருபது பேர் வேலை தேடி அலைகிறார்கள். பலகையும் பொய் சொல்லவில்லை, சான்றிதழும் பொய் சொல்லவில்லை. பட்டறையில் நடப்பது செங்குத்து ஜாயிண்ட்டும் பைப் வேலையும். பயிற்சியில் நடந்தது மேசைமேல் படுக்க வைத்த பிளேட். 'வெல்டர்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருந்திருக்கின்றன.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. பட்டத்தையும் பதவிப் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, செய்யத் தெரிந்த பணியையும் செய்ய வேண்டிய பணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே சொற்களில் எழுதி முடித்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பயிற்சி மையம், கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு, இளைஞர் அமைப்பு நடத்துகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. தனியாக வேலை தேடுகிறவருக்கும் இடையில் ஒரு பகுதி உண்டு. முதல் சுற்றில் ஒரே ஒரு தொழில் குடும்பத்தை (ஒன்றுக்கொன்று நெருக்கமான வேலைகளை) எடுங்கள். 25 முதல் 30 இளைஞர்கள், 15 முதல் 20 நிறுவனங்கள், நான்கு மாத அவகாசம் போதும். ஐந்து தொழில்களை ஒன்றாகத் தொடங்கினால் எதற்கும் பணிப் பட்டியல் உருப்படியாக வராது. அந்தப் பட்டியல் இல்லாமல் செய்யும் மற்றதெல்லாம் ஊகம்.

படி 1: குறை எங்கே என்று முதலில் பாருங்கள்

'திறன் இல்லை' என்பது எல்லாக் குறைக்கும் வைக்கப்படும் பொதுப்பெயர். சம்பளம் கட்டுப்படியாகாதது, வீடு திரும்ப வண்டி கிடைக்காத நேரத்தில் முடியும் ஷிஃப்ட், உரியவர் கண்ணில் படாத விளம்பரம் எல்லாமே அந்தப் பெயரில்தான் வரும். இவற்றில் எதையும் பயிற்சியால் தீர்க்க முடியாது.

ஒவ்வொரு நிறுவனத்திடமும் நான்கு எண்களைக் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் இந்த வேலையில் எத்தனை இடம் காலியானது? எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? எத்தனை பேரை வேண்டாம் என்றீர்கள், எந்தக் கட்டத்தில்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள்?

இந்த நான்கும் சேர்ந்து குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். விண்ணப்பமே குறைவாக வந்தால் பிரச்சினை தகவலிலோ சம்பளத்திலோ தூரத்திலோ இருக்கிறது. நிறைய பேர் வந்து, செய்முறைச் சோதனையில் கழிந்திருந்தால் அது உண்மையான திறன் இடைவெளி. ரெஸ்யூமைப் பார்த்த மாத்திரத்தில் கழித்திருந்தால், தகுதி நிபந்தனை தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகச் சேர்ந்து சீக்கிரமே நின்றிருந்தால் வேலைச் சூழலை, அல்லது சேரும்முன் சொன்னதற்கும் சேர்ந்தபின் நடந்ததற்கும் இருந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.

பொருத்தமின்மையில் வேறு வகைகளும் உண்டு. வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் படித்திருப்பது ஒன்று, படித்த துறை ஒன்றும் பார்க்கும் வேலை ஒன்றுமாக இருப்பது இன்னொன்று. கற்ற திறன் வழக்கொழிந்து போவது மூன்றாவது. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஆறு மாதக் கோர்ஸ் என்று எழுதிக் கொடுப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. அந்த ஆறு மாதம் ஓர் இளைஞரின் வாழ்க்கையிலிருந்து போகிறது.

படி 2: தேவையைத் திரட்டுங்கள், ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள்

இணைய வேலை விளம்பரங்கள் தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் அவற்றில் அலுவலக வேலைகள் மிகையாகத் தெரியும். சிறு பட்டறைகளும் கடைகளும் தெரிந்தவர் சொல்லித்தான் ஆள் எடுக்கின்றன, அதனால் அங்கே அவை கண்ணில் படாது. ஒரே இடத்தை மூன்று ஏஜென்சிகள் மூன்று விதமாகப் போட்டிருக்கும். நிறைந்துவிட்ட இடமும் நீக்கப்படாமல் நிற்கும். நிறுவனம், இடம், பணி மூன்றும் ஒத்துப்போனால் ஒன்றாகவே எண்ணுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழைய விளம்பரமாக இருந்தால் போன் செய்து கேட்காமல் சேர்க்காதீர்கள்.

பிறகு நேரில் போங்கள். ஹெச்.ஆர். அதிகாரியோடு பேச்சை முடித்துக்கொள்ளக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவரின் தவறைத் தினமும் திருத்துகிற சூப்பர்வைசரைப் பாருங்கள். "என்ன திறன் வேண்டும்?" என்று கேட்டால் "நல்ல பையனாக இருக்க வேண்டும், ஆர்வம் வேண்டும்" என்றுதான் பதில் வரும். அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது. இப்படிக் கேளுங்கள்: "கடைசியாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் எதில் தடுமாறினார்? எந்த வேலையை அவரிடம் கொடுக்க இன்னும் பயப்படுகிறீர்கள்? அவர் செய்த எந்தத் தவறு உங்களுக்கு அதிக நஷ்டம் தந்தது?" பதில்கள் தானாகவே பணிகளாக வந்து விழும்.

எண்ணிக்கையில் கறாராக இருங்கள். "வருஷத்துக்கு நூறு பேர் வேண்டும்" என்று வாய்வழியாகச் சொன்னதைத் தேவை என்று பதியக் கூடாது. எத்தனை பேர், எந்த மாதம், எந்தப் பணிக்கு என்று எழுத்தில் வந்ததை மட்டும் உறுதியான பத்தியில் போடுங்கள். மற்றது 'பேச்சு' என்ற தனிப் பத்தியில் கிடக்கட்டும்.

காலத் தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இல் பொறியாளர்களின் சந்தையை வைத்து இதைக் காட்டினார். சம்பளம் உயர்ந்த ஆண்டில் மாணவர்கள் அந்தப் படிப்பில் குவிகிறார்கள். நான்கு ஆண்டு கழித்து எல்லோரும் ஒன்றாக வெளியே வரும்போது சம்பளம் விழுகிறது. அதைப் பார்த்து அடுத்த அணி ஒதுங்க, மீண்டும் பற்றாக்குறை வருகிறது. இன்றைய தேவையைப் பார்த்து நீண்ட படிப்பைத் திட்டமிட்டால் இந்தச் சுழலில்தான் சிக்குவோம். பயிற்சி எவ்வளவு நீளமோ, அவ்வளவு பரந்த அடிப்படைத் திறனைக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவது என்றால் குறிப்பிட்ட காலியிடத்தைக் குறிவைக்கலாம்.

படி 3: பணிப் பட்டியல்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

வெறும் தாளோடு தொடங்க வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 வகைப்பாடு தொழில்களை 10 பெரும் பிரிவுகளாகவும் கடைசி அடுக்கில் 436 அலகுகளாகவும் பிரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்கோ தரவுத்தளத்தில் ஏறத்தாழ 3,000 தொழில்களும் 13,000க்கும் மேற்பட்ட திறன்களும் ஒன்றோடொன்று இணைத்துத் தரப்பட்டுள்ளன. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் 900க்கும் மேற்பட்ட தொழில்களுக்குப் பணிப் பட்டியலே இருக்கிறது. மூன்றும் இலவசம். ஐஎஸ்சிஓவைப் பெயரை ஒழுங்குபடுத்தவும், மற்ற இரண்டையும் முதல் வரைவுக்கும் பயன்படுத்துங்கள். அப்படியே படியெடுத்துவிடாதீர்கள். உங்கள் பகுதிப் பட்டறையில் இல்லாத இயந்திரம் அந்தப் பட்டியலில் இருக்கும். இங்கே தினமும் ஓடுவது அதில் விட்டுப்போயிருக்கும்.

வரைவை டேக்கம் என்ற முறையில் சரிபார்க்கலாம். கனடாவில் 1960களின் இறுதியில் உருவான இந்த முறையின் அடிப்படை எளிது: ஒரு வேலையை அதில் தேர்ந்தவர் சொல்வதுபோல் வேறு எவரும் சொல்ல முடியாது. அந்த வேலையைத் தினமும் பார்க்கிற 5 முதல் 12 பேரை ஒரு அறையில் உட்கார வைக்கிறார்கள். வழக்கமாக இரண்டு நாள் ஆகும். முதலில் பெரிய பொறுப்புகள், பிறகு ஒவ்வொரு பொறுப்புக்கும் கீழே பணிகள் என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பொறுப்புகள் பத்தை ஒட்டியும் பணிகள் நூறை ஒட்டியும் வந்து நிற்கும். இதில் இரண்டு தவறுகளைப் பார்க்கலாம். முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே குழுவில் வைத்தால் தொழிலாளி வாயைத் திறக்கமாட்டார். ஆசிரியர்கள் குழுவில் உட்கார்ந்தால் தாங்கள் ஏற்கெனவே நடத்தும் பாடம் பணியாக உருமாறி பட்டியலில் ஏறிவிடும். ஆசிரியர்கள் பார்வையாளராக வரட்டும், பேச வேண்டாம்.

பணியை எப்படி எழுதுவது? வினைச்சொல், பொருள், நிபந்தனை, தரம் நான்கும் இருக்க வேண்டும். வெல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். பிளேட்டில் 1ஜி என்றால் தட்டை நிலை, 2ஜி கிடைமட்டம், 3ஜி செங்குத்து, 4ஜி தலைக்குமேல். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திச் சுற்றிலும் ஒட்டுவது 6ஜி. 'வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரி இந்த ஐந்துக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் உதவாது. "10 மி.மீ. பிளேட்டில் 3ஜி நிலையில், 3.15 மி.மீ. 7018 ராடால் கீழிருந்து மேலாக ஒட்டுதல், பார்வைச் சோதனையில் அண்டர்கட்டும் ஸ்லாக் சிக்கியதும் வரம்புக்குள் இருத்தல்" என்று எழுதினால் யாரும் சோதித்துப் பார்த்துவிடலாம். (7018 என்பது ராடின் வகை, அண்டர்கட் வெல்டின் ஓரத்தில் விழும் பள்ளம், ஸ்லாக் வெல்டின்மேல் படியும் கசடு.)

அதன் கீழே 'எங்கே பிசகும்' என்று ஒரு வரி சேருங்கள். 3ஜியில் ஆம்பியரைத் தட்டை நிலைக்கு வைத்த அளவிலேயே விட்டால் உருகிய உலோகம் வழியும். ராடை அகலவாக்கில் ஆட்டும்போது இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் நிறுத்தாமல் போனால் ஓரம் அரித்து அண்டர்கட் விழும். அடுத்த அடுக்குக்குமுன் ஸ்லாக்கைத் தட்டித் தேய்க்காவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். 7018 ராடு ஈரம் இழுத்திருந்தால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து, ஆறிய பிறகுகூட விரிசல் விடலாம். அதனால்தான் அதைச் சூடான ராடு அடுப்பில் வைக்கிறார்கள். பாடத்தின் பாதி இந்த வரிகளுக்குள் இருக்கிறது. தட்டை நிலையை மட்டும் கற்றவர் முதல் மூன்றில் தடுமாறுவார் என்பதும் இதைப் படித்தவுடன் தெரிந்துவிடும்.

சான்றிதழுக்குக் காலம் உண்டா என்பதையும் குறியுங்கள். ஐஎஸ்ஓ 9606-1 தரத்தில் வெல்டர் தகுதி பெற்றால், அதே வரம்புக்குள் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதி செய்யப்பட வேண்டும். இடைவெளி விட்டவரின் பழைய காகிதம் கதவைத் திறக்காது.

கடைசியாக, ஒவ்வொரு பணிக்கும் இரண்டு எண்களைக் கொடுங்கள். எவ்வளவு அடிக்கடி வருகிறது (1 முதல் 3), எந்த மட்டத்தில் செய்ய வேண்டும் (0 முதல் 3). மட்டம் 0 தெரியாது, 1 உதவியோடு செய்வார், 2 தனியாகச் செய்வார், 3 பிசகினால் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவார். தெரியாமல் சேர்ந்தால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரக்கூடிய பணிகளுக்கு 'கட்டாயம்' என்று சிவப்பில் குறி போடுங்கள். தொடக்க நிலை வேலைக்கு அப்படி மூன்று நான்குக்கு மேல் இருக்காது. பத்து இருப்பதாக நிறுவனம் சொன்னால் அது அனுபவசாலிக்கான வேலை.

படி 4: இளைஞருக்கு என்ன தெரியும் என்று அளப்பது

"உங்களுக்கு எக்செல் எவ்வளவு தெரியும், பத்துக்கு எத்தனை?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதிகம் தெரிந்தவர் தயங்கி 6 போடுவார், கொஞ்சம் தெரிந்தவர் 9 போடுவார். செய்ய வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கணக்கு உதவியாளர் வேலைக்கு ஒரு 45 நிமிடச் சோதனை இப்படி இருக்கலாம். 120 வரி கொண்ட வங்கி அறிக்கை ஒன்று, அதே மாதத்துக்கான வங்கிப் பேரேடு ஒன்று, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் கண்டு ஒத்திசைக்க வேண்டும். வேண்டுமென்றே ஏழு சிக்கல்களை உள்ளே வையுங்கள். ஒரு தொகையில் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கட்டும் (5,480 என்பது 4,580 என்று). ஒரு பதிவு இரண்டு முறை ஏறியிருக்கட்டும். ஒரு தொகை பற்றுக்குப் பதில் வரவில் போயிருக்கட்டும். பேரேட்டில் ஏறாத வங்கிக் கட்டணம் ஒன்று, இன்னும் வங்கிக்கு வராத காசோலை ஒன்று. கடைசி இரண்டு எக்செல் பொறிகள்: எண்ணாகத் தெரிந்தும் எழுத்தாகச் சேமிக்கப்பட்ட ஒரு தொகை, பெயரின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. இந்த இரண்டும் தேடல் ஃபார்முலாவைக் கவிழ்த்துவிடும்.

விடையை மட்டும் திருத்தாமல், பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள். வித்தியாசத் தொகையை 9ஆல் வகுத்துப் பார்க்கிறவருக்கு எண் இடம் மாறிய பிழையைத் தேடத் தெரிகிறது. பாதியாக்கித் தேடுகிறவருக்குத் தவறான பக்கத்தில் ஏறிய பதிவு இரட்டிப்பு வித்தியாசம் தரும் என்பது தெரிந்திருக்கிறது. வராத காசோலையைப் பிழை என்று 'திருத்தி' எழுதுகிறவருக்கு அடிப்படையே இன்னும் பிடிபடவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் ஒரு வரியைச் சேர்த்துச் சரிக்கட்டிவிடுகிறவரைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்குக் கற்றுத்தர வேண்டியது நேர்மையாக 'ஒத்துவரவில்லை' என்று எழுதுவதை.

நேர்காணல் வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பெண் முறை. 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பல்லாண்டு ஆய்வுகளை மறுகணக்கிட்டபோது, பின்னாளைய வேலைத்திறனோடு இப்படிக் கட்டமைத்த நேர்காணலுக்கு 0.42 தொடர்பு இருந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மனம்போனபடி பேசும் நேர்காணலுக்கு 0.19, அனுபவ ஆண்டுகளுக்கு வெறும் 0.07. 'இரண்டு வருட அனுபவம் கட்டாயம்' என்ற நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லி நிறுவனத்திடம் பேசும்போது இந்த எண்கள் கையில் இருக்கட்டும்.

சான்றிதழில் வராத திறன்களைத் தோண்டி எடுங்கள். குடும்பக் கடையில் இருந்து இருப்புக் கணக்கு பார்த்திருப்பார். வீட்டில் படுக்கையில் கிடந்த முதியவரை இரண்டு வருடம் கவனித்திருப்பார். அக்கம்பக்கத்துப் போன்களைப் பழுது பார்த்திருப்பார். "உங்களிடம் என்ன திறன் இருக்கிறது?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள், பெண்கள் குறிப்பாக. "நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள், வரும்.

கூடவே ஒரு கட்டுப்பாட்டுத் தாளும் நிரப்புங்கள். எவ்வளவு தூரம் போக முடியும், இரவு ஷிஃப்ட் முடியுமா, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கீழ்வரம்பாக எவ்வளவு சம்பளம் வேண்டும். திறன் கச்சிதமாகப் பொருந்தி, இந்தத் தாளில் உடைந்துபோன நியமனங்கள் ஏராளம்.

படி 5: அட்டவணையில் பொருத்துதல்

வரிசைகளில் பணிகள், பத்திகளில் ஆட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தேவையான மட்டத்திலிருந்து இருக்கும் மட்டத்தைக் கழித்து, அடிக்கடி வரும் எண்ணால் பெருக்குங்கள். தேவைக்கு மேல் தெரிந்திருந்தால் பூஜ்யம் போடுங்கள். மிஞ்சியதைக் கழித்து வேறு பணியின் குறையை மறைக்கக் கூடாது.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒருவருக்கு வங்கி ஒத்திசைவு மட்டம் 1, தேவை 3, அடிக்கடி வரும் எண் 3. இடைவெளி 6, முழுவதும் ஒரே பணியில். இன்னொருவருக்கு எப்போதாவது வரும் ஆறு பணிகளில் ஒவ்வொரு மட்டம் குறைவு. அவருக்கும் 6. இரண்டாமவரை இன்றே அனுப்பலாம், அந்த ஆறையும் வேலையே கற்றுக்கொடுத்துவிடும். முதலாமவர் இரண்டு மூன்று வாரம் அந்த ஒரு பணியில் மட்டும் உட்கார வேண்டும். கட்டாயப் பணியில் குறை இருந்தால் கூட்டுத்தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

அட்டவணையைக் குறுக்கிலும் படியுங்கள். ஒரே பணியில் 30 பேரில் 20 பேருக்குக் குறை என்றால் அது பாடத்திட்டத்தின் ஓட்டை. இரண்டு பேருக்குக் குறை என்றால் அவர்களுக்குத் தனிப் பயிற்சி போதும்.

தனியாக வேலை தேடுகிறவர் இதையே எப்படிச் செய்வது

உங்களுக்கு வேண்டிய வேலைக்கான 30 விளம்பரங்களைச் சேருங்கள். ஒவ்வொன்றிலும் பணியைச் சொல்லும் வரிகளை மட்டும் வெட்டி ஒரு தாளில் ஒட்டுங்கள். 'துடிப்பானவர்', 'குழுவாகச் செயல்படுபவர்' போன்றவற்றை விட்டுவிடுங்கள். ஒரே பொருள் தரும் வரிகளைச் சேர்த்து எண்ணினால், பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் வருபவை எட்டுப் பத்துப் பணிகளாகச் சுருங்கும். அவற்றில் உங்களால் இன்று தனியாகச் செய்ய முடிகிறவற்றுக்கு ஆதாரம் தயார் செய்யுங்கள்: செய்த பொருளின் படம், கோப்பு, ஒரு நிமிட வீடியோ. முடியாதவற்றில் அதிக விளம்பரங்களில் வரும் ஒன்றை மட்டும் அடுத்த மாதம் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அந்த வேலையில் இருக்கும் இருவரிடம் பட்டியலைக் காட்டி, எது வெறும் அலங்காரம் என்று கேளுங்கள்.

படி 6: இடைவெளியை நிரப்புவது

எதை வகுப்பில் கற்பிப்பது, எதை வேலையிடத்தில் விடுவது என்று பிரியுங்கள். தவறு செய்து பார்த்துக் கற்க வேண்டியது, ஆபத்தானது, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானது மையத்தில் நடக்கட்டும். ஒரு நிறுவனத்தின் மென்பொருளும் படிவமும் அங்கே போய்க் கற்பவை. ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் இரட்டைப் பயிற்சி முறையில், 300க்கும் மேற்பட்ட தொழில்களில், வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மற்ற நாள் தொழிற்பள்ளியிலுமாக இரண்டு முதல் மூன்றரை ஆண்டு கற்கிறார்கள். அந்த அமைப்பை ஒரு மையத்தால் உருவாக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஐந்து நிறுவனங்களோடு செய்துகொள்ள முடியும். அனுப்பும்போது எந்தப் பணிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற தாளையும் கையில் கொடுங்கள். இல்லையென்றால் பெருக்குவதும் தேநீர் வாங்கி வருவதுமாக நாள் போய்விடும்.

பயிற்சிக்கான நுகர்பொருளை முதலிலேயே கணக்கிடுங்கள். ராடு தீர்ந்துபோன பயிற்சிக் கூடத்தில் வெல்டிங் கற்றுக்கொடுக்க முடியாது. ஒருவர் வெல்டு போட மற்ற ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கும் வகுப்பை 300 மணி நேரம் நடத்தினாலும் ஒருவருக்கு 30 மணிதான். பயிற்சி நேரத்தை எப்போதும் ஒருவர் கையில் கருவி இருந்த நேரமாகவே எழுதுங்கள்.

மென்திறனுக்கென்று தனி வகுப்பு எடுத்து அது ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது அரிது. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக உடைத்துச் செய்முறைக்குள்ளேயே வையுங்கள்: வர முடியாவிட்டால் ஷிஃப்ட் தொடங்குமுன் சொல்வது, சொன்ன வேலையைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, தவறு நடந்ததும் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்வது. மூன்றாவதுதான் கடினம். தவறைச் சொன்னவரைப் பயிற்சிக் கூடத்தில் திட்டினால் அவர் வேலையிடத்திலும் மறைப்பார்.

படி 7: நிறுவனம் நம்பும் சான்று

திறன் இருந்தும் அதைக் காட்ட வழியில்லாமல் நிற்பவர்கள் அதிகம். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இளைஞர்களுக்குத் திறன் மதிப்பீடு நடத்தி, அதன் முடிவை நிறுவனங்களிடம் காட்டக்கூடிய சான்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, சான்று பெற்றவர்களிடையே வேலையில் இருப்போர் 17 சதவீதமும் வருமானம் 34 சதவீதமும் கூடின. புதிதாக எந்தத் திறனையும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருந்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரே பக்கம் போதும். மேலே செய்து காட்டிய பணிகள், ஒவ்வொன்றுக்கும் மட்டம், சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து. கீழே 'இன்னும் கற்க வேண்டியவை' என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எடுத்துவிடச் சொல்லி மையத்துக்குள்ளேயே வற்புறுத்தல் வரும். விடாதீர்கள். குறையையும் சொல்கிற தாளைத்தான் சூப்பர்வைசர் நம்புவார். எல்லோருக்கும் 'மிக நன்று' போட்ட மையத்தின் தாளை இரண்டாவது அணியிலிருந்து யாரும் பார்க்கமாட்டார்கள்.

படி 8: நிறுவனத்தின் பக்கமும் திருத்தம் வேண்டும்

பணிப் பட்டியலை நிறுவனத்திடமே கொடுத்து விளம்பரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பட்டியலில் பட்டம் தேவைப்படும் பணி ஒன்றுகூட இல்லாமல் விளம்பரத்தில் பட்டம் கேட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்டுங்கள். சம்பளம், ஷிஃப்ட் நேரம், வேலையிடம் மூன்றும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். இவை மறைக்கப்பட்ட விளம்பரத்துக்கு வருகிறவர்களில் பலர் கடைசி நேரத்தில் பின்வாங்குவார்கள், இரண்டு பக்கத்துக்கும் நேரம் வீண்.

சேரும்முன் அரைநாள் வேலையிடத்தைக் காட்டுங்கள், வெப்பமும் சத்தமும் நிற்கும் நேரமும் உட்பட. அதைப் பார்த்துச் சிலர் வேண்டாம் என்று போவார்கள். அது பத்தாவது நாள் நின்றுவிடுவதைவிட எல்லோருக்கும் நல்லது.

படி 9: முதல் 90 நாள்

3ஆம் நாள், 14ஆம் நாள், 30ஆம் நாள், 90ஆம் நாள் என்று நான்கு அழைப்புகள். முதல் அழைப்பில் போக்குவரத்து, சாப்பாட்டு நேரம், யாரிடம் சந்தேகம் கேட்பது என்பவற்றை மட்டும் கேளுங்கள். முதல் வாரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் இவற்றால்தான் நிற்கிறார்கள். 14ஆம் நாள் பணிப் பட்டியலை எடுத்து, எவற்றைச் செய்யக் கொடுத்தார்கள், எவற்றைக் கொடுக்கவே இல்லை என்று குறியுங்கள். 30ஆம் நாள் சொன்ன சம்பளம் கைக்கு வந்ததா என்று பாருங்கள். அதே நாட்களில் சூப்பர்வைசரிடமும் தனியாகப் பேசுங்கள், இருவர் சொல்வதும் வேறுபடும் இடத்தில்தான் கவனிக்க வேண்டியது இருக்கும்.

படி 10: கணக்கை நேர்மையாக எழுதுவது

'90 சதவீதம் பேருக்கு வேலை' என்று எழுதும்முன், எதன் 90 சதவீதம் என்று பாருங்கள். கீழ் எண் முதல் நாள் சேர்ந்த எல்லோரும். நடுவில் நின்றவர்களைக் கழிக்கக் கூடாது. மேல் எண் ஆறாவது மாதத்தில் சம்பளச் சீட்டோடு வேலையில் இருப்பவர்கள். நியமனக் கடிதம் வாங்கிய நாளின் எண்ணிக்கை உதவாது. மூன்றாவதாக ஒன்றையும் எழுதுங்கள்: வேலையில் இருப்பவர்களில் எத்தனை பேர் கற்ற பணிகளைச் செய்கிறார்கள். வெல்டிங் கற்றவர் பாதுகாவலராகச் சேர்ந்தால் அவருக்கு வேலை கிடைத்தது, உங்கள் பொருத்தம் தோற்றது.

எண்ணிக்கையை உயர்த்த, ஏற்கெனவே தேறியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும். அதைத் தடுக்க, சேரும் நாளின் மட்டத்தையும் முடிக்கும் நாளின் மட்டத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று சூப்பர்வைசர்களையும் அந்த வேலையில் இருக்கும் இரண்டு பழைய மாணவர்களையும் ஒரு மாலை அழைத்துப் பணிப் பட்டியலை முன்னால் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: "இந்த ஆறு மாதத்தில் இதைச் செய்தீர்களா?" எவரும் செய்யாத வரியை அடியுங்கள், புதிதாக வந்ததை எழுதுங்கள். அடித்த வரிகளுக்குப் போய்க்கொண்டிருந்த பயிற்சி மணி நேரத்தைக் கூட்டி, அடுத்த அணிக்கு அதைப் புதிய வரிகளுக்கு மாற்றிக் கொடுங்கள்.